மறைந்த எஸ்திரேயா எழுதிக்கொண்டது

கொர்தோபா
6 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விதாலி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிருக்கு முன் வந்து சேரட்டும் என்று கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பினேன். கிடைத்ததா?

ஒரு நல்ல சேதி. யூதர்களான நம்மவர்களை இந்த நாட்டை விட்டுத் துரத்தி அடுத்த வருஷத்தோடு ஐந்நூறு வருஷம் ஆகிறது. அதற்கு இங்கே ஊரெல்லாம் விழா. புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்து இங்கே பாடம் நடத்தும் கிரின்ஃபெல்ட் என்ற பேராசிரியர், மார்ச் 29ஆம் தேதி பழைய யூதத் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் மாலை நிகழ்ச்சி வைக்கிறார். முதலில் நம் வீட்டு மொழியான லதீனோவில் பாட்டுகள், நடுவில் நம் வீட்டுச் சாப்பாடு, பிறகு இந்த ஊர் ஃப்ளமெங்கோ பாட்டு. பாடப்போவது யார் தெரியுமா? உன் பெயர்க்காரி, என் மகள்தான். அவளுடைய சிநேகிதன் குர்ரோ கிதார் வாசிக்கிறான். சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில்.

லீக் தண்டு வடைக்கும் எலுமிச்சைக் குழம்பு மீனுக்கும் பக்குவம் எழுதி அனுப்பு. சீஸ் வைத்துச் சுட்ட போரேக்கா அப்பமும் ஆட்டுக்கறியும் சேர்த்து ஒரே தட்டில் வைக்கலாம் என்று பேராசிரியர் யோசனை சொல்கிறார்.

இன்னொன்று. என்னைக் குளிப்பாட்டும்போது நீ பாடுவாயே, அந்தக் குளியல் பாட்டு. நீயே கட்டியது. அதைப் பேராசிரியருக்குப் பாடிக்காட்டினேன். மனிதர் அசந்துபோனார். அதை நம் குழந்தை மேடையில் பாடட்டுமா?

உன் கையை முத்தமிடும்,
விதாலி

*

இஸ்மிர்
21 நவம்பர் 1991

விதாலிக்கு அக்கா எழுதுவது. காலுறை வந்தது. கால்தான் அதற்குள் போக மறுக்கிறது. மற்றபடி கண்ணேறு படாமல் சுகம்.

துரத்தினவர்களே விழா எடுக்கிறார்கள், நீ அதற்குச் சமைத்துப் போடுகிறாய். சரி, அது உன் பாடு. ஆனால் பாலும் கறியும் சேரக்கூடாது என்ற நம் விதியை மறந்து, சீஸையும் கறியையும் ஒரே தட்டில் வைத்து அதற்கு நம் வீட்டுச் சாப்பாடு என்று பெயர் வைத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். அந்தப் பேராசிரியர் எந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தார்? பக்குவம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். லீக் தண்டைக் கையால் பிழி, துணியில் போட்டு முறுக்காதே.

பாட்டு விஷயம். முடியாது.

உனக்கு அப்போது ஆறு வயது, மறந்திருப்பாய். அதனால் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சீர்த்துணியெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்திருந்தது. மணப்பெண்ணைக் குளிக்க அழைத்துப்போகும் நாளில் பெண்கள் பாடுவதற்கென்று நானே கட்டின பாட்டு அது. குளியலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். நம்மை விட்டுத் தூரமாகப் போகட்டும் அந்த நாள். உன்னை விட்டுவிட்டு நான் எங்கே போவது? அந்த மனிதர் இரண்டு வருஷம் காத்திருந்தார், பிறகு வேறு வீடு பார்த்துக்கொண்டார். யாருக்காகவும் பாடப்படாத பாட்டை உன் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பாடினேன். அது ஒன்றுதான் எனக்கென்று உள்ளது. ஒயின் கோப்பையோடு உட்கார்ந்து கை தட்டுகிறவர்களுக்கு அது கிடையாது.

நம் குழந்தைக்கு வேறு பத்துப் பாட்டு அனுப்புகிறேன்.

எஸ்திரேயா

*

கொர்தோபா
10 ஜனவரி 1992

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. பண்டிகைக் காலம், துணிக்கடையில் நிற்க இடமில்லை. நீ நலமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

வடை நீ சொன்னபடியே வந்தது. என் மனைவி நான்கு தின்றாள். சீஸ் தனி, கறி தனி என்று பேராசிரியரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். கறியையே எடுத்துவிட்டார். அருமையான மனிதர். மாதுளம்பழம் போட்ட சாலட், மீன், பாதாம் பலகாரம், எல்லாம் முடிவாகிவிட்டது. முற்றத்தில் ஆரஞ்சு மரங்களுக்கு விளக்கு கட்டப்போகிறார்கள். குர்ரோவின் விரல் வேகத்தை நீ பார்க்க வேண்டும்.

நீயும் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மார்ச்சில் இங்கே ஈரக்காற்று, உன் முழங்காலுக்கு ஆகாது. விமானம் இரண்டு மாறவேண்டும். அவசரப்படாதே. கோடையில் வா, நிதானமாக ஊர் சுற்றிக் காட்டுகிறேன்.

பக்கத்து வீட்டு மாத்தில்த் அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
விதாலி

*

இஸ்மிர்
25 ஜனவரி 1992

விதாலிக்கு,

நலம். நலமா என்று நான் கேட்கப்போவதில்லை, உன் கடிதத்திலேயே கொழுப்பு தெரிகிறது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். வடை இருக்கிறது, ஆரஞ்சு மரம் இருக்கிறது, எவனுடைய விரலோ இருக்கிறது. பாட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் "முடியாது" என்று எழுதினேன். "சரி அக்கா" என்று திருப்பி எழுத எத்தனை மை செலவாகும்?

என் முழங்காலைப் பற்றித் திடீரென்று உனக்கு இவ்வளவு கவலை வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் நீ பாத்திரத்தை உடைத்துவிட்டு வந்தால் இப்படித்தான், "அக்கா தலை வலிக்குதா" என்று கேட்பாய்.

"சரி அக்கா, பாடமாட்டோம்." இந்த ஒரு வரி எனக்கு வேண்டும். அஞ்சலட்டையில் எழுதினாலும் போதும்.

எஸ்திரேயா

*

கொர்தோபா
1 மார்ச் 1992

என் ஆசை அத்தைக்கு,

சின்ன எஸ்திரேயா எழுதும் கடிதம். பெரிய எஸ்திரேயா எப்படி இருக்கிறீர்கள்? தையல் மெஷினை விற்றுவிட்டதாக அப்பா சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை.

அத்தை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. குளியல் பாட்டைப் பாட நீங்கள் மனசார ஆசீர்வாதம் கொடுத்ததாக அப்பா சொன்னார். தினமும் பயிற்சி செய்கிறேன். குர்ரோவின் அப்பா ஃப்ளமெங்கோ பாடகர், பொதுவாக யார் பாட்டையும் பாராட்டமாட்டார். நேற்று இதைக் கேட்டுவிட்டு, "இது அழுதுக்கிட்டே கட்டுன பாட்டு" என்றார். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டே இதுதான்.

அச்சகத்திலிருந்து நிகழ்ச்சி நிரல் இப்போதுதான் கட்டாக வந்து இறங்கியது. நானே இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் பிரதி உங்களுக்குத்தான் என்று எடுத்து உறைக்குள் வைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
சின்ன எஸ்திரேயா

*

இஸ்மிர்
12 மார்ச் 1992

திரு. விதாலி அவர்களுக்கு, மறைந்த எஸ்திரேயா எழுதிக்கொண்டது.

நான் செத்தபின் நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி போகவில்லை. செத்தால் போய்விடும் என்றார்கள், பொய்.

குழந்தை அனுப்பிய உறையைத் தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு ஜெப ஆலயத் தெருவுக்கு மீன் வாங்கப் போனேன். வரிசையில் நிற்கும்போது பிரித்தேன். நல்ல வழவழப்பான தாள். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன். மீன்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டான். "நான்தான்" என்றேன். பாவம், எனக்கு அரைக் கிலோ மத்தி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான்.

நீ படித்திருக்கமாட்டாய், எழுதுகிறேன் கேள். "இஸ்மிர் நகரின் மறைந்த எஸ்திரேயா இயற்றிய பாடல். அவர் பெயரைத் தாங்கிய அண்ணன் மகள் பாடுகிறார். அன்னாரின் நினைவாக, விருந்தின் தொடக்கத்தில் நம் மரபுப்படி வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டை பரிமாறப்படும்." அண்ணனாம். உன்னைப் பல் துலக்கப் பழக்கினவளுக்கு நீ அண்ணன்.

முட்டை. அடக்கம் முடித்துவிட்டு வந்து துக்க வீட்டில் உட்காருகிறவர்களுக்குக் கொடுக்கும் முட்டை. எனக்காக நூற்றைம்பது பேர் அதைச் சாப்பிடப்போகிறார்கள். நான் இங்கே மத்தி பொரித்துக்கொண்டு இருப்பேன்.

மாத்தில்த் இதைப் படித்ததும் மூன்று தடவை துப்பினாள், கண்ணேறு கழியட்டும் என்று. எனக்குத் துப்பத் தோன்றியது வேறு இடத்தில்.

பாடக்கூடாது என்று சொன்னேன். சரி அக்கா என்று ஒரு வரி கேட்டேன். அதற்கு இதுதான் பதிலா? என்ன நடந்தது என்று உன் கையால் எழுது. இனிமேல் என் முழங்காலை விசாரிக்காதே.

எஸ்திரேயா

*

கொர்தோபா
19 மார்ச் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். கடிதம் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய்.

இது வெறும் தவறுதான், அக்கா. பேராசிரியர் கிரின்ஃபெல்ட் வீட்டார் போலந்துப் பக்கத்து யூதர்கள். நம்மில் உயிரோடு இருக்கும் பெரியவர்களின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதுதான் மரியாதை. அவர்களில் அப்படி இல்லை. செத்தவர் பெயரைத்தான் வைப்பார்கள், உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் சாகச் சொல்வது போல. குழந்தைக்கு யார் பெயர் என்று கேட்டார், என் அக்கா பெயர் என்றேன். அவரே மிச்சத்தை முடிவு செய்துகொண்டார். யார்மேலும் குற்றமில்லை.

எல்லாப் பிரதியும் அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. ஒரே ஒரு சாயங்காலம். இங்கே உன்னை யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சி முடிந்ததும் தாளெல்லாம் குப்பைக்குப் போய்விடும். பெரிய மனசு பண்ணு.

உன் தம்பி,
விதாலி

*

கொர்தோபா
31 மார்ச் 1992

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கவே கூசுகிறது. நான் நலமில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அப்பாவின் கோட்டைத் தேய்க்க எடுத்தேன். உள்பையில் உங்கள் மூன்று கடிதங்களும் இருந்தன. படித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆசீர்வாதம் என்று ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. அப்பாவிடம் போய்க் கேட்டேன். அச்சுப் பிழை என்றார். நான் நம்பிவிட்டேன், அத்தை. மறுநாள் பேராசிரியரிடம் சொல்லி மேடையில் திருத்தச் சொல்லலாம் என்று கிளம்பினேன். பேராசிரியர் சொன்னது வேறு.

டிசம்பரிலேயே அவர் கடைக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காக துக்கம் விசாரித்தாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு "நன்றி" என்றாராம்.

முற்றம் நிரம்பியிருந்தது. மீன், வடை, போரேக்கா எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். மற்றப் பாட்டுகளையெல்லாம் பாடினேன். கடைசிப் பாட்டு வந்தது. குர்ரோ கிதாரில் ஆரம்பித்தான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இந்தப் பாட்டக் கட்டுனவங்க சாகல. இஸ்மிர்ல இருக்காங்க. எங்க அத்தை. பாடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால பாடமாட்டேன்" என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை.

பேராசிரியர் எழுந்து அப்பா பக்கம் திரும்பினார். அப்பா சமையலறை வாசலில் முட்டைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "நான் துக்கம் விசாரிச்சப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டார். அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "உயிரோட இருந்தா அனுமதி கேக்கணும். அவ குடுக்கமாட்டா."

பிறகு குர்ரோவின் அப்பா எழுந்து மேடைக்கு வந்து, கிதார் இல்லாமல், கைமுட்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே அவருடைய பாட்டு ஒன்றைப் பாடினார். அதோடு கலைந்துவிட்டோம். முட்டையை யாரும் தொடவில்லை.

அப்பாவோடு நான் பேசுவதில்லை. பேராசிரியர் உங்களுக்குத் தனியாக எழுதுகிறார்.

உங்கள்,
சின்ன எஸ்திரேயா

*

இஸ்மிர்
13 ஏப்ரல் 1992

விதாலிக்கு,

குழந்தை எல்லாம் எழுதிவிட்டாள். பேராசிரியரும் எழுதினார். ஒரு பிழையும் செய்யாத மனிதர் இரண்டு பக்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நீ அவர் தலையில் பழியைத் தூக்கிப் போட்டாய்.

கேட்டிருந்தால் மறுபடியும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மை. அதற்காக ஒருத்தியைக் கொன்றுவிடுவதா? கடையில் நின்று தலையைக் குனிந்தாயாமே. எவ்வளவு நேரம் குனிந்தாய்? கண்ணைத் துடைத்துக்கொண்டாயா? என் கல்யாணம் நின்றதற்குக்கூட நான் உன்மேல் கோபப்பட்டதில்லை, ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று. உனக்கு இப்போது ஐம்பது வயது.

அக்கா செத்ததாகச் சொல்லி ஊராரின் துக்கத்தை வாங்கிக்கொண்டாய். சரி. வாங்கினவன் துக்கம் காக்க வேண்டும். பஸ்கா முடிந்த திங்கட்கிழமையிலிருந்து ஏழு நாள் உட்கார். சட்டைக் கழுத்தைக் கிழி. தரையில் உட்கார். கண்ணாடிகளை மூடு, சவரம் கூடாது, கடை திறக்கக் கூடாது. யார் வந்து கேட்டாலும் யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று உண்மையைச் சொல்.

உயிரோடு இருப்பவளுக்குத் துக்கம் காத்தால் ஆயுள் குறையும் என்று மாத்தில்த் பதறுகிறாள். அச்சடித்தபோது குறையாத ஆயுள் இப்போதுதான் குறையப்போகிறதா? குறைந்தால் குறையட்டும்.

பஸ்கா விருந்தில் எல்லாரும் தின்னவேண்டிய கசப்புக் கீரை கிடைக்கிறதா அங்கே? உனக்குத் தேவைப்படாது.

எஸ்திரேயா

*

கொர்தோபா
6 மே 1992

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் அவரிடமிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டையைக் கையாலேயே கிழித்தார். கடைக் கதவை இறக்கிவிட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது. ஆனாலும் கண்ணாடிகளுக்குப் படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்தினாள்.

கடை மூடியிருப்பதைப் பார்த்துத் தெருக்காரர்கள் வருகிறார்கள். யார் இறந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "யாரும் சாகல. எங்க அக்கா செத்துட்டான்னு நான் பொய் சொன்னேன். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்." சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். ரொட்டிக்கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். பேராசிரியர் மட்டும் தினமும் வந்து, எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமையோடு ஏழு நாள் முடிந்தது, அத்தை. இன்று புதன். இன்னும் எழவில்லை. ஊரில் பூமுற்றத் திருவிழா, வருஷத்திலேயே வியாபாரம் நடக்கும் வாரம், கடை பூட்டிக் கிடக்கிறது. நான் என் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு எழுந்திருங்கள் என்று கெஞ்சினேன். "ஏழாம் நாள் வெளியாள் ஒருத்தர் வந்து எழுந்திருன்னு சொல்லணும். அப்பத்தான் எழலாம்" என்றார். பேராசிரியர் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவர் சொன்னா எப்படி? உக்காரச் சொன்னது அவரில்லையே" என்றார்.

தாடி வெள்ளையாக வளர்ந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்,
சின்ன எஸ்திரேயா

*

இஸ்மிர்
12 மே 1992

விதாலி,

எழுந்திரு.

ஏழு நாள் என்றால் ஏழு நாள். அதிலும் உன் இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்வாயா? சொல்ல வேண்டியவர்கள் அங்கே யாரும் இல்லாததால் செத்தவளே சொல்கிறேன். எழுந்து, முகம் கழுவி, சவரம் செய்துகொண்டு, துக்கம் முடித்தவர்களின் வழக்கப்படி பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்று நட. குழந்தையைப் பயமுறுத்தினதற்கு உன்னை அடிக்க வேண்டும். கிழித்த சட்டையைத் தூக்கிப் போடாதே. உனக்குத் தைக்கவும் வராது, உன் வீட்டில் யாருக்கும் வராது. மெஷினை நான் விற்கவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தரையில் உட்கார்ந்து இடுப்புப் பிடித்திருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடு.

நான் ஆறிவிட்டேன் என்று நினைக்காதே. இதை எழுதும்போதுகூட அந்த வழவழப்பான தாள் கண்ணில் படுகிறது. ஆனால் நான் செத்துப்போனேன் என்றவனும் நீதான், பத்து நாள் தரையில் உட்கார்ந்து நான் சாகவில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னவனும் நீதான். இரண்டையும் இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கோடையில் என்னை அங்கே வரச்சொல்லி எழுதாதே. நீ வா. என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, பாட்டைப் பாடலாமா என்று கேள். முடியாது என்றுதான் சொல்வேன். ஆனாலும் வந்து கேள்.

எஸ்திரேயா